எல்னுரா அக்கா தேநீர் ஊற்றிய நாள்

இசிக்குல் ஏரி, தென்கரை
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு அம்மாவுக்கு,

இத்தனை மலைகளையும் சமவெளிகளையும் தாண்டி மாஸ்கோவின் சந்தைக் கடையில் நிற்கும் உங்களுக்கு மூத்த மகள் சாய்கல், தம்பி எர்மெக், குட்டித் தங்கை குண்டூஸ் மூவரின் சலாம். உடம்பு எப்படி இருக்கிறது? வசந்தகாலத்தில் வந்த அந்த இருமல் நின்றதா? நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் கடிதத்தின் நடுவில் நீங்கள் பயப்படக்கூடிய இடம் ஒன்று வருகிறது. அப்போது இந்த வரிக்குத் திரும்பி வந்து படித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து உங்கள் தொலைபேசி அணைந்தே கிடக்கிறது. அதனால் சரக்கு லாரி ஓட்டும் தாஷ்தான் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன், உங்கள் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு விதத்தில் கடிதம்தான் நல்லது. தொலைபேசியில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் ஜூரா சித்தி என் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பார். நானும் "நல்லா இருக்கோம்" என்று மட்டும் சொல்வேன். இன்று சித்தியே ஒன்றும் மறைக்காமல் எழுது என்று சொல்லிவிட்டு அடுப்பு பார்க்கப் போயிருக்கிறார்.

முதலில் சித்தப்பாவைப் பற்றி. நீங்கள் கேட்டபோதெல்லாம் அவர் மேய்ச்சல் மலையில் இருப்பதாகச் சொன்னோம். அது உண்மையில்லை. ஜூன் மாதமே குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பில் அடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து உள்ளறையில் படுத்தபடியே இருக்கிறார். மற்றவர்களின் ஆடுகளை மேய்த்து வரும் கூலியும் நின்றுவிட்டது. உங்களுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று சித்தி பயந்தார். நீங்கள் ஆகஸ்டில் அனுப்பிய பணம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை அம்மா, நடந்ததைச் சொல்கிறேன்.

இலையுதிர்காலம் வந்ததும் சித்தி மாவட்ட அலுவலகத்துக்குப் போய், உறவுக்காரப் பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்குத் தரும் உதவித்தொகையைக் கேட்டார். வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி அவர்கள் எல்னுரா அக்காவை அனுப்பினார்கள். எல்னுரா அக்கா சமூகப் பணி படித்தவர். பிஷ்கேக்கில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்தவர். பெற்றோர் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தார். அதற்காக எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வருவதாக இருந்தது. "ஆய்வு" என்ற சொல்லை நான் புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆய்வு செய்யும் ஒரு மனிதரை நேரில் பார்க்கப்போகிறோம் என்று அன்று சடையை இரண்டு முறை பின்னிக்கொண்டேன்.

ஆனால் அம்மா, நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. வெறும் ரொட்டியும் தேநீரும் வைப்பதைவிடச் சித்தி உயிரையே விட்டுவிடுவார். பக்கத்து வீட்டு உல்கான் பெரியம்மாவிடமிருந்து வெண்ணெய், கீழ்வீட்டிலிருந்து பாதாமிப் பழ ஜாம், கோடிவீட்டிலிருந்து மிட்டாய்க் கிண்ணம். எல்லாவற்றுக்கும் மேலாக, உல்கான் பெரியம்மா மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த குடலில் அடைத்த முழுக் குதிரைக்கறி காஜி ஒன்று வட்டவட்டமாக அறுக்கப்பட்டுப் பெரிய தட்டில் வந்து உட்கார்ந்தது. எல்னுரா அக்கா வேலை விதிப்படி யார் வீட்டிலும் சாப்பிடக்கூடாதாம். மரியாதைக்கு ரொட்டியில் ஒரு துணுக்கு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அரைக் கிண்ணம் தேநீரோடு எழுந்துவிடுவார். அதனால் காஜி அப்படியே தப்பித்துவிடும். அவர் வாசலில் செருப்பு போடும்போதே நான் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக அவர் அடுத்துப் போகப்போகும் வீட்டுக்கு ஓடுவேன். அவர்களும் இதே நிலைமையில்தானே இருக்கிறார்கள். உல்கான் பெரியம்மா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏண்டி, இந்தக் காஜி இந்த வருஷம் என்னைவிட அதிகமா விருந்துக்குப் போயிருக்கு."

அப்போது சிரித்தோம். வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி சமைக்கிறீர்கள் என்று எல்னுரா அக்கா கேட்டதற்கு, இறைச்சி இல்லாத நாளும் ஒரு நாளா என்பதுபோலச் சித்தி பதில் சொன்னார். வீட்டு ஆண் எங்கே என்றதற்கு மலையில் என்றார். அக்கா இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் இதுவே நடந்தது. பிறகு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: வசதியான வீடு, உதவி அவசியமில்லை.

சித்தி அன்று மாலை முழுவதும் மாவுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். விரிப்பில் இருந்ததெல்லாம் இரவல் என்று அலுவலகத்தில் போய்ச் சொல்ல அவரால் முடியவில்லை. நான் போய்ச் சொல்லவா என்று கேட்டேன். "என் வீட்டுக்கு வந்தவளுக்கு முன்னாடி நான் பிச்சைக்காரின்னு நீ போய் சொல்லப்போறியா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இதுதான் நீங்கள் பயப்படக்கூடிய இடம். எர்மெக்கையும் குண்டூஸையும் நகரத்திலிருக்கும் பிள்ளைகள் விடுதியில் சேர்த்துவிடுவதென்று சித்தி முடிவு செய்தார். அங்கே வெந்நீர்க் குழாய் சூடு உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. நான் பெரியவள், வீட்டு வேலைக்கு உதவுவேன், அதனால் நான் இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் அனுப்புகிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாலாடையைத் தன் கிண்ணத்திலிருந்து வழித்துக் குண்டூஸின் ரொட்டியில் தடவுகிறவர் அவர். எங்களோடு ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். அலுவலகத்தில் தனக்கு நேரமில்லை, இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய துணிகளைத் துவைத்து மடித்து ஒரே பையில் வைத்தார். விடுதியில் ஆணும் பெண்ணும் வேறு வேறு கட்டடம், இரண்டு பை வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. குண்டூஸ் தன் பையைப் பார்த்து ஊருக்குப் போகிறோம் என்று குதித்தாள். எர்மெக் தன் பையிலிருந்த கம்பளிக் காலுறையை எடுத்து அவள் பையில் திணித்தான்.

அப்போதுதான் எல்னுரா அக்கா மூன்றாவது முறை வந்தார். இவ்வளவு வசதியான வீடு ஏன் இரண்டு பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பப் பார்க்கிறது என்று அவருக்குப் புரியவில்லையாம். வழக்கம்போல விரிப்பு நிறைந்தது. அவரை வாசலுக்கு நேரெதிரே விருந்தாளிக்குரிய மேலிடத்தில் உட்கார வைத்தோம். சித்தி வாசலோரம் வெந்நீர்ச் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினார். எல்னுரா அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்தி ஒவ்வொன்றையும் சிரித்துத் தள்ளினார். அவ்வளவுதான், இந்த முறையும் போய்விடப் போகிறார் என்று நான் நினைத்தபோது, மூடியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மகளே, நீ எந்தக் கிளைக்கு வாழ்க்கைப்பட்டிருக்கே?"

மலையில் இருப்பதாகச் சொன்ன சித்தப்பாதான் அம்மா. இரண்டு முறை வாயை மூடிக்கொண்டிருந்தவருக்கு மூன்றாவது முறை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் யார் வழி என்று தெரியாமல் ஒரு மனிதர் எத்தனை தடவைதான் படுத்திருப்பார்? சித்தியின் முகம் வெள்ளையாகிவிட்டது. எல்னுரா அக்கா சித்தியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு கதவுக்கே பதில் சொன்னார், 'புகு' குலக்கிளை என்று. அதில் யார் வீடு என்று கதவு கேட்டது. மாமனார் பெயர், அவர் அப்பா பெயர், அவர் அப்பா பெயர் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். ஐந்தாவது பெயரில் இரண்டு பேரும் ஒரே தாத்தாவிடம் வந்து நின்றார்கள்.

"அப்போ நீ எங்க வீட்டு மருமக," என்றார் சித்தப்பா. "மருமகளுக்கு மேலிடத்துல என்ன வேலை?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எல்னுரா அக்கா எழுந்துவிட்டார். கழுத்திலிருந்த துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலோரம் வந்து, சித்தியின் கையிலிருந்து தேநீர்க் குடுவையை வாங்கினார். "மூத்த மருமக நீங்க, மேலிடத்துல போய் உக்காருங்க அக்கா. சின்னவ நான் இருக்கும்போது நீங்க ஊத்தலாமா?" சித்தி வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார், ஆனால் எந்த நியாயத்தைச் சொல்வது? முறை அதுதானே. போய் மேலிடத்தில் உட்கார்ந்தார். தன் வீட்டில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

குடுவையில் தேநீர் தீர்ந்திருந்தது. மருமகள்தான் அலமாரியைத் திறக்க வேண்டும். எல்னுரா அக்கா தேயிலை டப்பாவைத் திறந்தார். அடியில் தூள்தான் இருந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்தார். பிறகு மாவுப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, சத்தம் வராமல் மெதுவாக மூடினார். இருந்த தூளைப் போட்டு எங்கள் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, எனக்குப் பசிக்குது. வேலையில இருந்தா சாப்பிடக்கூடாது, மருமகளா இருந்தா சாப்பிடலாம். நீங்க காலையில சாப்பிட்டதையே கொடுங்க."

சித்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அடுப்பிலிருந்த மாவுக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். எல்னுரா அக்கா கடைசிச் சொட்டு வரை குடித்தார். சித்தி அப்போதுதான் அழுதார், முகத்தை மூடிக்கொள்ளாமலே.

பிறகு எல்னுரா அக்கா காஜித் தட்டைப் பார்த்து, இதை நாலு வீட்டில் பார்த்துவிட்டேன், இந்த ஊரில் எல்லாரும் ஒரே கடையில் வாங்குகிறார்கள் என்று நினைத்தேன் என்றார். அழுதுகொண்டிருந்த சித்தியே சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து சித்தப்பா, தனக்கு ஒரு துண்டாவது கொண்டுவாருங்கள், மூன்று தடவையாக வாசனை மட்டும்தான் வருகிறது என்று கத்தினார்.

போகும்போது எல்னுரா அக்கா சித்தியிடம் மன்னிப்புக் கேட்டார். தன் அம்மாவும் விருந்தாளிக்கு முன்னால் இதையேதான் செய்திருப்பார் என்றும், அது தெரிந்திருந்தும் விரிப்பை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன் என்றும் சொன்னார். எங்கள் வீட்டைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்று, அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் தன் தவறு என்று சொன்னாராம். தெருவின் மற்ற வீடுகளுக்கும் மறுபடி போனார். இப்போது வேலை நேரத்தில் கேள்வியோடு வருவதில்லை. மாலையில் வந்து சாணி வறட்டி அடுக்குகிறார், உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார், நடுநடுவே பேசுகிறார். பிஷ்கேக்கிலிருந்து அவருடைய ஆசிரியர்கள் இதெல்லாம் ஆய்வாகுமா என்று கேட்டார்களாம். இதற்கு முன்னால் செய்ததுதான் ஆகாது என்று பதில் எழுதினேன் என்றார்.

அலுவலகத்திலிருந்து நிலக்கரி வந்துவிட்டது அம்மா. நகரத்து மருத்துவர் சித்தப்பாவைப் பார்த்தார். இப்போது தடி ஊன்றி வாசல் வரை வருகிறார், போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி யார் வழி என்று கேட்கிறார். பைகளைப் பிரித்துவிட்டோம். கடவுளுக்கும் எல்னுரா அக்காவுக்கும் தங்கள் வெண்ணெயை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்த நம் தெருவுக்கும் நான் தினமும் நன்றி சொல்கிறேன். ஆகஸ்டில் நீங்கள் அனுப்பிய பூட்ஸுக்கும். எனக்குச் சரியாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? பெரிதாக இருக்கிறது. கம்பளி அடைத்துப் போடுகிறேன், மிகவும் கதகதப்பு.

ஆனால் இவ்வளவும் தற்காலிகம்தான். எர்மெக்கும் குண்டூஸும் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமென்றால், சித்தியைக் காப்பாளராக ஏற்கிறேன் என்று நீங்கள் மாஸ்கோவில் நம் நாட்டுத் தூதரகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருடம் முடிவதற்குள் அது வரவில்லையென்றால் விடுதி மறுபடி பேச்சுக்கு வரும். அலுவலகங்களுக்குப் போவதில் உங்களுக்கு ஏதாவது சங்கடம் இருக்கலாம் என்று எல்னுரா அக்கா மெதுவாகச் சொன்னார். அங்கே தங்குவதற்கான உங்கள் தாள்களில் ஏதாவது சரியில்லையா, அதனால்தான் தொலைபேசியை எடுப்பதில்லையா என்று நான் கேட்க மாட்டேன். உங்கள் சந்தைக்குப் பக்கத்திலேயே தாள்கள் சரியில்லாதவர்களுக்கு அலுவலகங்களுக்குத் துணையாக வரும் பெண் ஒருவர் இருக்கிறாராம். அவருடைய பெயரும் எண்ணும் தாஷ்தான் மாமாவிடம் இருக்கின்றன. அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாமாம்.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன். குண்டூஸ் இப்போது சித்தியையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். கையெழுத்துப் போட்டால் பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டது போலாகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் சொந்தத்தில் அப்படிக் கொடுத்த வீடுகள் இருக்கின்றனவே. இதைச் சித்தியிடம் கேட்டேன். மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்து, இதை அப்படியே எழுது என்றார்:

"உங்கம்மாகிட்ட சொல்லு, நான் எடுத்துக்கலை. வெச்சிருக்கேன்."

நீங்கள் இருக்கும் இடம் சூடாக இருக்கட்டும். உங்கள் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். தாஷ்தான் மாமா திரும்பும் லாரியில் முன்னிருக்கை காலியாகத்தான் வருமாம். கேட்டு வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள்,
சாய்கல்