பேர் சொன்ன குரல்

நம் பகலவன் அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா?

ஓய்வுபெற்ற வாத்தியாரான என் குரல் தெளிவாக இருக்கிறதென்று, இந்த ஓசூர் விதைக் கம்பெனியில் அதைக் கணினிக்குப் பழக்கிவிட்டார்கள். எழுதியதை என்னைப் போலவே வாசிக்கிறது! வாடிக்கையாளர் விவரமுள்ள மென்பொருளோடு அதை நானே இணைத்தேன். நிரல் எழுதவில்லை, திரையில் இரண்டு கட்டங்களைக் கோடிழுத்துச் சேர்த்தேன். வகுப்பில் ஒருவன் பலகையில் பெயரெழுத, இன்னொருவன் உரக்கப் படிப்பது போலத்தான்.

சோதித்துப் பார்க்க உன் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்தேன். அது உன்னை அழைத்து, "வணக்கம் நிர்மலா" என்றது. உன் பதிலும் பதிவாகியிருக்கிறது: "இன்னாங்க, கல்யாணமாகி இத்தினி வருசத்துல பேரு சொன்னதே இல்லியே! இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அதற்குத் திரும்பச் சொல்லத் தெரியாது. விதை வந்த செய்தியைப் படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டது.

எள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது, கொடுத்தனுப்பு. இங்கே வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஞாயிறு மாலை நானே பேசுகிறேன், எடு நிர்மலா.