பார்க்காமல் சொன்ன அளவு

என் உயிரான சபீராவின் அத்தாவுக்கு,

நீங்கள் போய் ஏழாவது மாதம் நடக்கிறது. உங்கள் மகளுக்கு ஒன்பதாவது மாதம். கால் வீங்கிக் கிடக்கிறது, பிரஷர் வேறு ஏறுகிறது. மழை பிடிப்பதற்குள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கடல் பக்கம் நாலு நாளாக வானம் கறுத்துக்கொண்டே வருகிறது. எனக்கு எதுவுமே சரியாகப் படவில்லைங்க.

மருமகன் லீவில் வந்திருக்கிறார். "எதுக்கு டாக்ஸி? மாமா வண்டி இருக்குதே" என்று உங்கள் பழைய காரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் சக்களத்தி என்று பேர் வைத்தேனே, அதே கார்தான். பெரிய முதலியார்சாவடியில், தன் நாட்டுக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரரிடம் வாங்கியது. துபாயில் உடைந்த இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது, கிளட்சே இல்லாத வண்டி இதுதான் என்று சொல்லி என் வாயை அடைத்தீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்கு நாம் செய்த சேவை நினைவிருக்கிறதா? நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு பார்க்கிங்கில் வைப்பீர்கள். பானெட்டுக்குள் தலையை விடுவது நான். அளவுக் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கியர் ஆயில் கோட்டைத் தொடுகிறதா, சிவப்பாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். "நூரு, மோந்து பாரு, கருகல் வாடை வருதா?" என்பீர்கள். "அத்தர் பூசிக்கிட்டு நிக்கிறா, போங்க" என்பேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மருமகன் அந்தக் குச்சியைக் காட்டினார். "ஃபுல்லா இருக்குது மாமி. காலைல கெளம்பிடலாம்."

இன்ஜின் ஓடவில்லை. லாரிக்கு ஆயில் பார்ப்பதுபோல் நிறுத்திவைத்துப் பார்த்திருக்கிறார். இந்த வண்டியை அப்படிப் பார்த்தால், ஆயில் எல்லாம் கீழே வடிந்து நின்று, இல்லாததையும் இருப்பதாகக் காட்டும் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ள" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். நன்றாகச் சூடானதும் நீங்கள் செய்வதுபோலவே கியரைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்தேன். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. நுனியில் ஒட்டியிருந்தது பழுப்பு. மோந்தால் சோறு அடிப்பிடித்த வாடை.

தெருவில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. மருமகன் சிரிப்பு நின்றுபோனது. ஆறவிட்டு எடுத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஊர்ந்து வீட்டுக்கு வந்தது. அப்போதுதான் நீங்கள் போன நாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு உப்பளத்து ரோட்டில் நீங்கள் காருக்குப் பின்னால்தான் விழுந்து கிடந்தீர்கள். பாத்தியில் வேலை செய்தவர்கள் ஓடிவந்தபோது மூச்சு இல்லை. சாயங்காலம் ஒரு லாரி டிரைவர் காரை ஓட்டிவந்து விட்டார். "நியூட்ரல்ல நின்னுதுக்கா. வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றார். டிக்கியின் மேல் தூசியில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. உங்களைத் தூக்க வந்தவர்களின் கை என்று நினைத்து நானே துடைத்துவிட்டேன்.

கனமான எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நெஞ்சை வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், அந்தக் காலோடு தனியாக வண்டியைத் தள்ளினீர்களா? எவ்வளவு தூரம் தள்ளினீர்கள்? யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். இன்ஜினை ஓடவிட்டு, ஜும்ஆ தொழுகைக்குச் சட்டை மாற்ற உள்ளே போனீர்கள். திரும்பி வந்து, "ஆயில் பாத்தியா நூரு?" என்று கேட்டீர்கள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "பாத்துட்டேன், நெறைய இருக்குது, போங்க" என்றேன்.

நான் பார்க்கவே இல்லைங்க.

நேற்று நடந்ததையெல்லாம் சபீரா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் மகளாயிற்றே, புரியாமல் இருக்குமா? "அம்மா, அன்னிக்கு அத்தாவுக்கு நீதானே ஆயில் பாத்த?" என்று கேட்டாள். அவள் வீங்கிய காலைப் பார்த்தேன். "பாத்தேம்மா. அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். இது இரண்டாவது பொய்.

இப்போது டாக்ஸி வந்து நிற்கிறது. "எல்லாம் பாத்துட்டீங்களா?" என்று டிரைவரைக் கேட்டேன். "பாத்துட்டேங்க்கா" என்றார், பெட்டியைத் தூக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பானெட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். நானே பார்த்த பிறகுதான் உங்கள் மகள் ஏறுவாள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியட்டும். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இது சத்தியம்.

உங்களிடம் பொய் சொன்ன மனைவி,
சபீராவின் அம்மா,
நூர்ஜஹான்