பீலித் தண்ணீருக்கு ஒரு கம்பளி

என் கூடப்பிறந்த காமாட்சிக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை நீ கேட்க வேண்டும். மற்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் இதை அச்சில் போடச் சொன்னேன்.

உனக்குப் பிறந்த வீட்டுக் கோடியை நான் போட்டேன். அது அண்ணனின் உரிமை. ஆனால் காரியத்தன்று தோட்டத்துப் பெரிய கங்காணி ஒரு கறுப்புக் கம்பளியோடு வந்து நின்றார்.

"தொரையும் நம்ம ஒறவு மாதிரித்தான். தங்கச்சிக்குக் கோடி அனுப்பியிருக்காரு" என்றார்.

காய்ச்சலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொன்று வருமாம். நம் சனம் உருகிப்போனது. கோடி என்றால் யார் மறுப்பார்கள்? அவர் நீட்டிய காகிதத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டே போனார்கள்.

நான் வாங்கிப் படித்தேன். சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் எழுத்துக்கூட்டிப் பழகியவனிடமா அந்த வேலை நடக்கும்? காய்ச்சல், நாம் குடியிருக்கும் லயத்து அழுக்கால் வந்ததாம். கம்பளி துரையின் கருணையாம். இனி எதுவும் கேட்கமாட்டோமாம்.

யாருடைய அழுக்கு? பங்களாவுக்கு நாற்றம் வருகிறதென்று மாட்டுப்பட்டியை நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டியது யார்? முதல் மழையிலேயே தண்ணீரில் சாணி வாடை என்று நீதானே சொன்னாய்? பங்களாவுக்கு வேறு ஊற்றிலிருந்து குழாய் வருகிறது. நமக்கு இன்றைக்கும் அதே பீலிதான்.

செத்தவர் வீட்டுக்குக் கம்பளி, சரி. குடித்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு என்ன? காய்ச்சலில் படுத்த பிறகுதான் குற்றமா? குடிக்க வைத்தது குற்றமில்லையா?

கை வைக்க மறுத்தேன். ஒரு வீடு விட்டாலும் யாருக்கும் கம்பளி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார் கங்காணி.

அன்று மாலை பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மருதாயி வந்தாள். அதே காய்ச்சலில் புருசனை இழந்தவள்.

"அண்ணே, ஒங்க ரோசத்தப் போத்திக்கிட்டு எம்புள்ளைங்க தூங்குமா?"

இந்த ஹேவாஹெட்ட மலைக் குளிர் உனக்குத் தெரியாததா? அவளிடம் சொன்னேன்: "வாங்கிக்க தாயி. அவுங்க குடுக்க வேண்டியதுதான். கோடின்னு மட்டும் சொல்லாத."

மறுநாள் கங்காணியிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். என் கைரேகைக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: 'மாட்டுப்பட்டி எங்கள் பீலிக்கு மேலே இருக்கிறது. இறக்குங்கள்.' கங்காணிக்கு எழுத்துத் தெரியாது. மையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கம்பளிகளைக் கொடுத்துவிட்டார். மருதாயியின் பிள்ளைகள் போர்த்திக்கொண்டார்கள். உன் பெயருக்கு வந்ததை மட்டும் நான் பட்டி வேலியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆபீசில் கணக்கப்பிள்ளை அந்த வரியைப் படித்திருக்கிறார். உடனே எனக்குப் பற்றுச்சீட்டு வந்துவிட்டது, தோட்டத்தை விட்டுப் போ என்று.

கண்டிக்கு நடந்தே போய், பட்டியை இறக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உன் மகளுக்குத் தினமும் மலைக்கு அந்தப்புறத்து ஊற்றிலிருந்து நானே தண்ணீர் சுமக்கிறேன். அவளை அந்தப் பீலியில் வாய்வைக்க விடமாட்டேன்.

பட்டி இறங்காமல் இந்த மலையை விட்டு நான் இறங்கமாட்டேன், தங்கச்சி. அவர்கள் வேண்டுமானால் வந்து தூக்கிப்போகட்டும்.

உனக்குக் கோடி போட்ட ஒரே அண்ணன்,
சின்னையா