தோல் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன்

மூன்று நாளாகியும் என் நகங்களிலிருந்து கியர் ஆயில் வாடை போகவில்லை. எலுமிச்சைத் தோல், துணி சோப்பு, சீயக்காய் எல்லாம் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது. லேபில் பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுளித்தாள். "இன்னா மேடம், வண்டிக்கு அடியில படுத்துக்கினு இருந்தீங்களா?" ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை.

உன் பைக்குக்கு அடியில்தான். ஞாயிற்றுக்கிழமை அதன் வலது பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே கண்டதைப் பற்றி உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிவிட்டதால் எழுத்தில் போடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். லேபில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் நீ பேட்டர்ன் வெட்டினாய், நான் தோலைச் சோதித்தேன். ஒரே தெரு, ஒரே கம்பெனி வேன். உன் அப்பா விட்டுப்போன டூ ஸ்ட்ரோக் பைக் உங்கள் வீட்டு வராந்தாவில் துருப்பிடித்து நின்றது. அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது உன் ஆசை. உன் அண்ணனுக்கு அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைக்க வேண்டும். வராந்தாவுக்குப் புது டைல்ஸ் வேறு போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறதுக்குள்ள ஸ்டார்ட் ஆவணும். டைல்ஸ் மேல ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாது. விழுந்துச்சு, நேரா காயலாங்கடைதான். அப்புறம் அழுவாத," என்றார்.

சிலிண்டரை வேலூரில் லேத்துக் கடையில் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் வாங்கி வந்தோம். மற்ற வேலையெல்லாம் உன் சமையலறையில். பிரியாணி தேக்சாவில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாகங்களைக் கழுவினாய். உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! இனிமே இந்த தேக்சால ஆக்கனா யாருடி சாப்புடுவா?"

"அண்ணன் சாப்புடுவான்மா. அவனுக்குத்தான் வருஷம் பூரா மூக்கு அடச்சிக்கினு இருக்கே."

மூடியின் திருகுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மாறிப்போகாமலிருக்க என் வீட்டு இட்லித் தட்டைக் கொண்டுவந்து, குழிகளுக்கு எண் போட்டு வைத்தேன். "எம்.எஸ்சி. படிச்சிட்டு இட்லித் தட்டுக்கு நம்பர் போடற ஒரே ஆளு நீதான் மேடம்," என்றாய்.

புதன்கிழமை மூடியைத் திறந்தபோது பேக்கிங் கிழிந்துவிட்டது. எஞ்சினும் மூடியும் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் வைக்கும் மெல்லிய தாள் அது. பழைய மாடல், ஆம்பூரில் எந்தக் கடையிலும் இல்லை. உனக்குக் கவலையே இல்லை. "தோல் ஊர்ல இருந்துக்கினு பேப்பருக்கு அலையறதா?" ஷூவின் உட்புறம் வைக்கும் மெல்லிய தோலில் ஒரே மூச்சில் வெட்டினாய். பத்துத் துளைகளும் அச்சாகப் பொருந்தின. மரப்பட்டையில் பதனிட்ட தோல், எண்பது டிகிரியில் சுருங்கும் என்றேன். எஞ்சினைப் பொருத்தி ஓட்டினோம், சுருங்கியது. எண்ணெய் நல்லவேளையாகத் தேக்சாவில் விழுந்தது.

நீ குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோல், துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாய். கொதிக்கும் நீரில் அரைமணி நேரம் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. "தண்ணியில தாங்குது. சூடான எண்ணெயில தாங்கும்னு அர்த்தம் இல்ல," என்றேன்.

"தாங்குச்சுன்னா?"

"எழுதியே தர்றேன்."

மறுநாள் தலைவலி என்று அரைநாள் லீவு போட்டுப் போனாய். வெள்ளிக்கிழமை நான் வருவதற்குள் மூடி பொருத்தியாகியிருந்தது. ஒன்பதாவது உதையில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அரைமணி நேரம் ஓடவிட்டோம். உன் அண்ணன் குனிந்து டைல்ஸ் மேல் வெள்ளைக் கைக்குட்டையை இழுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "சரி, உன் வண்டி," என்று குல்லாவைச் சரிசெய்துகொண்டு போனார். அவர் முகத்தில் சந்தோஷம்தான்.

நான் எழுதிக் கொடுத்தேன்: "தோல் தாங்கும்." கீழே கையெழுத்து. நீ அதை லேமினேட் செய்து சமையலறையில் மாட்டினாய். பதினோரு வருடம் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாய். "மேடம் வாழ்க்கையில ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

உன் பின்னால் இரண்டு டிபன் கேரியரோடு நான் உட்கார்ந்துவர, கம்பெனி வேனை முந்தும்போதெல்லாம் நீ அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரித்துக் கரி சுரண்டினோம், ரிங் மாற்றினோம். வலது மூடியை மட்டும் நீ தொடவிடவில்லை. "அத விடு. என் தோல் நல்லா படிஞ்சிருக்கு, பிரிச்சா பேஜாரு." ஊரில் எல்லாவற்றையும் சந்தேகிக்கிற நான் இதைச் சந்தேகிக்கவில்லை.

பைக்கையும் லேமினேட் காகிதத்தையும் உன் கத்தியையும் உன் மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். கிக்கர் வழுக்குகிறதென்று ஞாயிற்றுக்கிழமை அந்த மூடியைத் திறந்தேன். உள்ளே தோல் இல்லை. கடையில் வாங்கிய காகித பேக்கிங். வேலூருக்குப் போய் வாங்கியிருப்பாய். அந்தத் தலைவலி அதுதான். தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வாய்விட்டுச் சிரிப்பது என் வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

பிறகு கோபம் வந்தது. நடக்காத சோதனைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே சோதனையை நடத்தினேன். லேபில் கழித்துப்போட்ட குரோம் தோல், உன் கத்தி, என் இட்லித் தட்டு. நான்கு துண்டுகள் வீணாயின. ஐந்தாவதில் துளைகள் ஒருவழியாகப் பொருந்தின. குடியாத்தம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன்.

மூன்று காலையாகத் தாள் காய்ந்தே இருக்கிறது. ஊருக்கெல்லாம் நீ அடித்துச் சொன்னது சரிதான் போலிருக்கிறது. அதை நம்பாதவள் நீ ஒருத்திதான்.

காகிதத்தை என் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். ஒரு மாதமாவது ஓட்டினால்தான் முடிவு சொல்ல முடியும். நாளையும் வேலைக்குக் கிளம்புமுன் குனிந்து பார்ப்பேன். இத்தனை வருட லேப் வேலையில், ஒரு சோதனை இப்படித்தான் முடிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுவே முதல் முறை.