வாளியில் கிடந்த குடல்கள்

நாள் 112, காலை 06:10
நிலவு, தென்துருவத் திசுக் கிடங்கு

வெளியே குளிர் வழக்கம்போல. பெட்டிகள் எல்லாம் பத்திரம். எழுதுபவர் எஸ்தர் ஞானசௌந்தரி, நோய்க்குறியியல் மருத்துவர். இங்கே வேறு மனிதப் பிறவி கிடையாது. மாற்று ஆள் வர இரண்டு ஆண்டு ஆகும்.

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களின் கட்டிகள் மெழுகில் பொதிந்து இங்கே கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் மெல்லிய சீவல் எடுத்து, சாயமேற்றி, ‘காவல் புரதம்’ எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. நிறைய இருந்தால் நோயாளி பத்து வருடம் தாண்டுவாராம், குறைந்தால் சீக்கிரம் போய்விடுவாராம். இதை நூற்றுக்கு மதிப்பெண்ணாக்கி ‘நெடுவாழ்வு எண்’ என்று நிறுவனம் விற்கிறது. நாற்பதுக்குக் கீழே வாங்கியவருக்குச் சிகிச்சைக்குப் பணம் தரமாட்டார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளைக்குச் சோறு இல்லை என்பதுபோல.

காலை உணவு, குழாயில் அடைத்த உப்புமா.

நாள் 119, மாலை 17:40

மலத்தில் ரத்தம். சில வாரமாகவே வருகிறது. மூலம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்த நோயாளி இப்படிச் சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன்.

நேற்று இயந்திரக் கையை வைத்து உள்ளே பார்த்தேன். மலக்குடலில் சிறிய கட்டி, ஆரம்ப நிலை. பூமிக்குப் போய் வெட்டியெடுத்தால் பிழைத்துக்கொள்வேன். இயந்திரம் ஒரு துளி சதையைக் கிள்ளித் தட்டில் வைத்தது. மற்றவர்களின் குடலை வாழ்நாளெல்லாம் வெட்டியவள் நான். என்னுடையதைப் பார்த்ததும் வாந்தி வந்தது. தட்டை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று காலைதான் அதை, சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டேன்.

நாள் 122, காலை 09:05

என் சீவலுக்கும் சாயமேற்றி, எண்ணைப் பூமிக்கு அனுப்பி, மீட்புக் கலம் கேட்டேன். என் நெடுவாழ்வு எண் 22. தரைநிலையத்தில் பணியிலிருந்த சங்கரபாண்டியன் அனுப்பியது:

“மேடம், இருபத்திரண்டு வந்திருக்கு. அந்த... கீழ்ப்பக்கத்துப் பிரச்சினைக்கு மீட்புக் கலம் அனுப்பணும்னா நாப்பதாவது வேணுமாம். மேலே பேசிப் பாக்குறேன்.”

மலக்குடல் என்று சொல்ல இவனுக்கு வாய் கூசுகிறது. உலகத்தில் ஒருத்தருக்கும் அது இல்லாததுபோல.

நாள் 124, பகல் 13:20

மனசு கேட்கவில்லை. அதே கட்டியில், அதே இடத்தில், இன்னொரு துளி எடுத்தேன். இம்முறை கண்ணை மூடிக்கொள்ளாமல் உடனே ஃபார்மலினில் போட்டேன்.

எண் 81.

இரண்டு சீவல்களையும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவதில் செல்கள் தெளிவாக இருந்தன. முதலாவதில் மங்கி, கலங்கி, பாதி அழுகியிருந்தன. சதையோடு புரதமும் தட்டிலேயே அழுகிப் போயிருக்கிறது.

பிறகு கிடங்கிலிருந்து குறைந்த எண் வாங்கியவர்களின் சீவல்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதே கலங்கல்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வெட்டியெடுத்த உறுப்புகள் அறுவை அரங்கிலிருந்து வாளிகளில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். மார்பகத்தை முதலில் வெட்டுவோம், தைராய்டை அடுத்து. மலக்குடல் எப்போதும் கடைசி. அதை நீளவாக்கில் பிளந்து, உள்ளேயிருக்கும் மலத்தைக் கழுவினால்தான் ஃபார்மலின் உள்ளே இறங்கும். யார் கழுவுவது? மூக்கைப் பொத்திக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவார்கள். வசதியான ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஆள் உண்டு. கூட்டம் வழியும் ஆஸ்பத்திரியில் குடல் வாளியிலேயே கிடக்கும். அங்கே வருகிறவர்கள் நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள், பாதி மருந்தோடு ஊர் திரும்புகிறவர்கள். அதனால் சீக்கிரம் செத்தார்கள். எண் பலித்தது என்று நிறுவனத்தார் கைதட்டினார்கள்.

காவல் புரதம் யாரையும் காக்கவில்லை. நாம் அருவருத்து நின்ற நேரத்தை அது அளந்திருக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? இத்தனை படித்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். தூ.

எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 131, காலை 08:30

சங்கரபாண்டியன்:

“மேடம், நீங்க அனுப்புனத அப்படியே மேலே குடுத்தேன். மொத எண்ணுதான் செல்லுமாம். ரெண்டாவது தடவ எடுத்தா ஏத்துக்கமாட்டாங்களாம். இந்த எண்ண வச்சு எத்தனையோ பேருக்கு சிகிச்சை இல்லன்னு சொல்லியாச்சு, இப்பப் போயி தப்புன்னு எப்படிச் சொல்றதுங்கறாங்க. எனக்கே கேக்க அசிங்கமா இருக்கு மேடம்.”

அவனுக்காவது அசிங்கமாக இருக்கிறது. என்னைக் கொன்றால்தான் அவர்கள் கணக்கு நேராகும்.

நாள் 590, நேரம் பார்க்கவில்லை

குடல் அடைத்துவிட்டது. வயிறு பானை. வாயில் வருவதும் மல நாற்றம். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை, படிக்கிறவர் கூசினால் கூசட்டும்.

சங்கரபாண்டியன் பேசுவதில்லை. அவனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று இயந்திரம் சொல்கிறது.

இதைக் கண்டெடுப்பவரே, எண்ணை நம்பாதீர்கள். குடலை உடனே பிளந்து கழுவுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது கழுவுங்கள். வாளியில் கிடப்பது ஒருத்தருடைய

வலி. ஊசி தீர்ந்துவிட்டது. எண்பத்தொன்று. என் எண் எண்பத்தொ

நாள் 603, காலை 06:10
தானியங்கிப் பதிவு

பணியாளர் எஸ்தர் ஞானசௌந்தரி: மரணம்.
நெடுவாழ்வு எண்: 22. கணிப்பு: குறுகிய வாழ்வு. விளைவு: பொருந்தியது. ஆய்வில் சேர்க்கப்பட்டது.
இரண்டாம் எண் 81: பிழை என்று நீக்கப்பட்டது.
மலக்குடல் எடுக்கப்பட்டு வாளியில் வைக்கப்பட்டுள்ளது. கழுவும் பணி: வரிசையில் கடைசி.
கிடங்கில் எல்லாப் பெட்டிகளும் பத்திரம்.