குமட்டலுக்கு ஒரு குரல்

கலம்: நெய்தல். செவ்வாயிலிருந்து பூமி திரும்பும் வழி.
மருத்துவப் பதிவு: ருக்கையா. எனக்குப் பின்னால் வரும் மருத்துவருக்கு.

நாள் 94, 09:10

வழக்கமான பதிவு. அறுவர் உறக்கக் கூண்டுகளில் நலம். விழித்திருப்பது இருவர், நானும் வெல்டர் திரவியமும். அவருக்கு ரத்தப் புற்றுநோய், கூண்டில் போட முடியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறேன். இன்று இரண்டாவது தவணை.

ஊசியைக் கண்டாலே தூத்துக்குடிக்காரருக்கு உடம்பு உதறுகிறது. நோயாளிக்கு மிகவும் பிடித்த இசையைப் போடு என்கிறது கையேடு. போட்டேன். அவர் மகள் பியூலா, எட்டு வயது, தானே இட்டுக்கட்டிப் பாடி அனுப்பிய கோழிக்குஞ்சுப் பாட்டு. நாடித்துடிப்பு இறங்கியது. சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆளில்லை.

நாள் 136, 11:40

நான்காவது தவணை. வாந்தித் தடுப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்து அச்சிடும் கருவிக்கு அதைச் செய்ய வரவில்லை.

எடையில்லாத இடத்தில் வாந்தி கீழே விழாது. உறிஞ்சுகுழாயோடு துரத்திப் பிடிக்க வேண்டும். நான் துரத்திய நேரமெல்லாம் பியூலா பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்தத் தோன்றவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

நாள் 157, 10:05

ஊசியைக் கையில்கூட எடுக்கவில்லை. பாட்டின் முதல் அடி வந்தது, அவர் பையைத் தேடினார். மருந்து உள்ளே போகும் முன்பே வாந்தி.

நாள் 160, 16:20

பூமியிலிருந்து செய்தி: "அப்பா, நான் பியூலா. எனக்குப் பல்லு விழுந்துட்டு. எப்ப வருவிய?"

'அப்பா' என்ற சொல்லிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது. மீதியை நான்தான் கேட்டேன். பிறகு என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, எம்புள்ள கொரலக் கேட்டாக் கொமட்டுது. இனி எனக்கு மருந்து வேண்டாம். பொழச்சுப் போயி அவ மூஞ்சில வாந்தியா எடுக்க?"

இன்னும் மூன்று தவணை பாக்கி. நிறுத்தினால் ஊர்போய்ச் சேரமாட்டார். பிடித்த இசையைப் போடச் சொன்னது கையேடு. போட்டது நான். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

நாள் 178, 08:30

பாட்டில்லாமல் ஏற்றிப் பார்த்தேன். நடுக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிட்டார். வேறு பாட்டுகள் போட்டேன். கை அடங்கவில்லை. பக்கத்தில் மனிதக் குரல் வேண்டியிருக்கிறது.

உடம்பு ஒரு முட்டாள். திருட்டு நடந்த தெருவில் அன்றைக்கு வந்த அசலூர்க்காரனைப் பிடித்து உதைப்பதுபோல, குமட்டும்போது காதில் புதிதாக விழுவதன்மேல் பழியைப் போடும். வேறு யாரும் அகப்படாததால் பியூலாமேல் போட்டது. இனி என்மேல் போடட்டும்.

அவரிடம் விளக்கினேன்.

"இங்க பேச்சுத்துணைக்கு நீங்க ஒருத்தர்தான இருக்கிய. ஒங்க கொரலும் போச்சுன்னா?"

உங்கள் வீட்டுக்கு வரப்போவது நானில்லையே என்றேன். கையை நீட்டினார்.

எனக்குப் பாட்டு வராது. பள்ளியில் ராகம்போட்டுச் சொன்ன வாய்ப்பாடுதான் வாயில் வந்தது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. என் குரலிடம் கழுதை தோற்றது. முதலில் சிரித்தார். பிறகு வாந்தி எடுத்தார். நான் நிறுத்தவில்லை.

நாள் 199, 12:15

ஏழாவது தவணை. தொண்டை கட்டும்வரை வாய்ப்பாடு. உடம்பு தேறியிருக்கும் நாட்களில் கஞ்சி குடிக்கும்போது பியூலாவின் குரலைச் சன்னமாக வைக்கிறேன். நேற்று பாதிப் பாட்டுவரை தாங்கினார். நான் 'இன்னும் கொஞ்சம் கஞ்சி?' என்றேன். கஞ்சி வெளியே வந்தது.

மன்னிப்புக் கேட்டார். அதற்குத்தானே பாடினேன் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

நாள் 220, 17:00

கடைசித் தவணை முடிந்தது. ரத்தப் பரிசோதனை சுத்தம்.

நாள் 231, 09:50

பூமியிலிருந்து செய்தி: "அப்பா, புதுப் பல்லு மொளைக்கு. பாட்டுப் படிக்கட்டா?"

முழுப் பாட்டையும் கேட்டார். கஞ்சிக் குழாய் கையில், கண்ணில் நீர். வாந்தி இல்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவருக்குக் கேட்காதபடி இருமலை அடக்கிக்கொண்டு.

நாள் 260

பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அவர் தலையாட்டுகிறார். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்க்கிறார். என் உதடு அசைந்தால் மட்டும் அவர் கை வயிற்றுக்குப் போகிறது.

பூமிக்கு இன்னும் மூன்று மாதம். யாரோடும் பேசவில்லை.

நாள் 274

இன்று சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உரக்க. ஒரே ஒரு தடவை.

எனக்கே குமட்டியது.