பெரியப்பாவின் மக்காச்சோளம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம்தான். நீயும் நலம் என்று உன் குரலிலேயே தெரிகிறது. போனில் பேசினால் நீ கெஞ்சுவாய், நான் இளகிவிடுவேன். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பூமியின் தென்கோடியில் நமக்கு எல்லாமே தலைகீழ், இங்கே குளிர் வந்துவிட்டது, ஆப்பிள் மரங்களுக்குக் கிளை வெட்டுகிறோம் என்றாய். பக்கத்துத் தோட்டக்காரர் முகத்தை எப்போதாவதுதான் பார்ப்பாயாம். கொடுத்து வைத்தவன். இங்கே பெரியப்பா செருமினால் என் அடுப்படிக்குக் கேட்கிறது.

அந்தப் பெரியப்பாவின் மக்காச்சோளம் இப்போது பால் பிடிக்கிற பருவம். அவருடைய கிணறு வற்றித் தரை தெரிகிறது. பயிர் மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. போன வாரம் விடிந்ததும் நம் மோட்டார் அறைக்குப் போனேன். மோட்டாரைத் தொட்டால் சுட்டது. போனிலேயே அதை ஓட்ட உன்னாலும் என்னாலும்தான் முடியும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நீ பகல் வெளிச்சத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்திருப்பாய். எனக்கு இரவு, உனக்குப் பகல் என்பது இதற்கெல்லாம் எவ்வளவு வசதி.

குழாயைப் போய்ப் பார்த்தேன். போன வருடம் நம் தக்காளி பூத்து நின்றபோது, தன் வரப்பு வழியாகப் போன நம் குழாயை உடைத்துவிட்டு, "ஏர் பட்டுடுச்சும்மா, நான் என்ன பண்றது" என்று கையை விரித்தாரே, அதே குழாயை இப்போது தானே ஒட்டித் தன் வயலுக்குத் திருப்பியிருக்கிறார். அன்றைக்கு நம்மை ஒட்ட விட்டாரா? வரப்பில் கால் வைக்கக் கூடாது என்றார். அப்பா குடத்தில் சுமந்து சுமந்து ஊற்றினார். ஒரு நாள் குடத்தோடு விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவைத் தூக்கும்போது நீ போனில் பார்த்தாய். இங்கே பொழுது சாய்ந்துவிட்டது. உன் முதுகுக்குப் பின்னால் காலை வெயில். யாரோ சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்கினார்கள். அறுவடை நேரம், லீவு தர மாட்டார்கள் என்றாய். நானும் சரி என்றேன்.

அதனால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி நீ அங்கிருந்து எத்தனை தடவை அமுக்கினாலும் மோட்டார் முனகக்கூட முனகாது.

நேற்று பெரியப்பா வாசலில் வந்து நின்றார். "பழச மறந்துடும்மா, பயிரு சாவுது" என்றார். உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், எங்கள் வீட்டில் உங்களுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று சொல்லி அனுப்பினேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். என் வயிறு குளிர்ந்தது. இலைகள் சுருள ஆரம்பித்துவிட்டன. அவர் வரப்பில் நின்று பார்க்கிறார், நான் டீ குடித்துக்கொண்டே அவரைப் பார்க்கிறேன்.

கட்டையை மாட்டச் சொல்லி யாரையும் தூது அனுப்பாதே. அப்பாவுக்கு வராதவன், பெரியப்பாவின் சோளத்துக்காவது வருகிறாயா என்று பார்க்கிறேன். இன்னும் ஒரு வாரம் பயிர் தாங்கும் என்கிறார்கள். நீயே வந்து உன் கையால் மாட்டினால் நான் தடுக்க மாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலை செய். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா